சுல்காட்டா குட்டிக்கு என்ன படுக்கை போடுவது? (செத்தாபாக், கொண்டோ வீடு)

செத்தாபாக்_அப்பா | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்காக ஏழு மாதத்துக்கு முன் ஒரு சுல்காட்டா நிலத்தாமைக் குட்டி வாங்கினோம். இப்போது 9 சென்டிமீட்டர், என் உள்ளங்கையில் அடங்கும். உரிமத் தாளும் ரசீதும் பத்திரமாக இருக்கின்றன. வீடு செத்தாபாக்கில், 14-வது மாடி.

இரண்டடி கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம். வாங்கிய கடையில் மரத்தூள் உருண்டை போடச் சொன்னார்கள், பூனைக்குப் போடுவது மாதிரி. பாலைவன ஆமை, ஈரம் பட்டால் நோய் வரும் என்றார்கள். அதையே நம்பி ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் குட்டிக் குன்று மாதிரி எழும்பி நிற்கிறது. விரலை வைத்தால் பள்ளமும் மேடும் தெரிகிறது. இன்னொன்று, பகல் முழுக்கத் தொட்டியின் ஒரே மூலையில் போய் நின்று கண்ணாடியைச் சுரண்டுகிறது. தொட்டி மகளின் அறையில் இருக்கிறது, இரவில் ஏர்கோன் 22-ல் ஓடும். இணையத்தில் ஒருவர் ஈரமாக வை என்கிறார், இன்னொருவர் காய்ந்தே இருக்கட்டும் என்கிறார். எதைக் கேட்பது? மகள் தினமும் அந்த ஓட்டைத் தடவிப் பார்த்து ‘வலிக்குமாப்பா’ என்று கேட்கிறாள்.

தீவுத்தோட்டம் | சனி, இரவு 10.25

தம்பி, முதலில் ஒரு நிம்மதி. குன்று எழும்பியதால் வலி கிடையாது, மகளிடம் சொல்லுங்கள். எழும்பியது இனி அமுங்காது. ஆனால் இனிமேல் வளரும் பகுதியைச் சமமாக வளரவைக்க முடியும். சின்னக் குட்டிதானே, வளர வேண்டியது இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

நான் பினாங்கில், பாலிக் புலாவ் பக்கம் செங்கால் ஆமைகள் வளர்க்கிறேன். 11 வருடம் ஆகிறது. நீங்கள் சொன்ன ‘பாலைவன ஆமை’ என்ற பேச்சை இங்கே எத்தனையோ பேர் கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். சுல்காட்டாவின் சொந்த ஊர் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் நிலம். மேலே காய்ந்த மண், உண்மைதான். ஆனால் அது வெயிலிலேயே கிடப்பதில்லை. மண்ணைத் தோண்டி நீளமான வளை போட்டு, நாளின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கும். வளைக்குள் மண் குளிர்ந்து ஈரக் கசிவோடு இருக்கும். குட்டியின் ஓடு வளர்வது அந்த ஈரத்தில்தான்.

ஓடு மேடாவதற்குப் புரதம் அதிகம் கொடுத்ததுதான் காரணம் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2003-ல் வீஸ்னர், ஈபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுல்காட்டா குட்டிகளையே வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். காற்று காய்ந்திருந்த இடத்துக் குட்டிகளுக்குத்தான் மேடு அதிகம். புரதத்தின் பங்கு மிகக் குறைவு.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். கோலாலம்பூர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் உங்கள் மகளின் அறையில் இரவெல்லாம் ஏர்கோன். வெளிச்சுவரில் ஏர்கோன் குழாய் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர் முழுக்க அறைக் காற்றிலிருந்து பிழிந்து எடுத்தது. குட்டி அந்தக் காற்றைத்தான் மூச்சு வாங்குகிறது. கீழே இருக்கும் மரத்தூள் உருண்டையோ மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. மழை கொட்டும் ஊரில் இருந்துகொண்டே ஒரு வறண்ட பெட்டியைச் செய்துவிட்டோம்.

ஆகவே நாளைக்கே செய்ய வேண்டியது இரண்டு. உருண்டையைக் கொட்டிவிடுங்கள். குட்டியை ஏர்கோன் இல்லாத அறைக்கு மாற்றுங்கள், கூடத்து மூலை போதும்.

படுக்கைக்குத் தென்னை நார்த்தூள், அதாவது கோகோபீட் கட்டி. செடிக் கடையில் கிடைப்பதுதான், ஆனால் உரம் கலந்ததை வாங்காதீர்கள். சில கட்டிகளில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒழுகினால் ஈரம் அதிகம். கையைத் திறந்ததும் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது.

ஆழம் குறைந்தது 10 சென்டிமீட்டர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு விரற்கடை போட்டால் மேலும் கீழும் ஒரே ஈரமாகிவிடும், அதில்தான் கெடுதல்.

ராவாங்_கம்பம் | ஞாயிறு, காலை 7.15

அக்கா சொல்வதை மதிக்கிறேன், ஆனாலும் என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னிடம் இருக்கும் சுல்காட்டாவுக்கு வயது 14. அதற்கு முன் வளர்த்த இரண்டு குட்டிகளையும் ஈரமான கோகோபீட்டில்தான் இழந்தேன். ஒன்றுக்கு வயிற்றுப் பக்க ஓடு அழுகிவிட்டது. திருப்பிப் பார்த்தபோது கட்டங்களின் இடுக்கில் வெள்ளையாக, நகத்தால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. அந்த நாற்றம் இன்னும் மறக்கவில்லை. இன்னொன்றுக்கு மூக்கில் நுரை, வாய் திறந்து மூச்சு. இரண்டு வாரத்தில் போய்விட்டது. அதிலிருந்து மண்ணும் காய்ந்த புல்லும் தவிர வேறு எதையும் நான் போடுவதில்லை. புதிதாக வளர்ப்பவரிடம் ‘ஈரமாக வை’ என்று சொல்வது ஆபத்து.

தீவுத்தோட்டம் | ஞாயிறு, காலை 8.02

அண்ணே, வருத்தமாக இருக்கிறது. கேட்பதற்கு மன்னிக்கணும், அந்தக் குட்டிகளை எங்கே வைத்திருந்தீர்கள்? படுக்கை எத்தனை ஆழம்? தண்ணீர் எப்படி விட்டீர்கள்?

ராவாங்_கம்பம் | ஞாயிறு, காலை 8.30

முன்வாசல் சிமென்ட் தரையில் பிளாஸ்டிக் பெட்டி. ஓர் அங்குலம்தான் போட்டிருப்பேன். நாளுக்கு மூன்று முறை மேலே தெளிப்பேன். நவம்பர் மாதம், அடைமழை. இரவில் தரை சில்லென்று இருக்கும்.

தீவுத்தோட்டம் | ஞாயிறு, காலை 9.10

அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான் அண்ணே. ஈரமும் குளிரும் சேர்ந்தால் ஆமைக்கு ஆகாது. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் அது அதன் வளை. மூக்கில் நுரை கட்டுவது பெரும்பாலும் இரவு வெப்பம் இறங்கும்போதுதான். ஈரப் படுக்கையில் இருக்கும் குட்டிக்கு இரவிலும் 26, 27 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. நம் ஊரில் மூடிய அறையில் ஏர்கோன் இல்லாமல் வைத்தால் பெரும்பாலான இரவுகளில் அந்த வெப்பம் தானாகவே இருக்கும்.

வயிற்றுப் பக்க ஓடு அழுகுவது மேல்தளம் சொதசொதவென்று இருப்பதால். தெளிப்பானால் மேலே தெளித்தால் மேல்தளம்தான் நனையும், குட்டி அதன்மேல் வயிற்றை வைத்துப் படுக்கும், அடியில் காய்ந்தே கிடக்கும். தலைகீழ் வேலை. நான் தெளிப்பதே இல்லை. சின்னக் குவளையால் நான்கு மூலையிலும் பக்கச் சுவரை ஒட்டித் தண்ணீர் ஊற்றுவேன். அது அடிக்குப் போய் அங்கிருந்து மெல்ல மேலே ஆவியாகும். மேல்தளம் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஒரு விரல் உள்ளே விட்டால் குளிர்ச்சி தெரியும். வாரத்துக்கு ஒருமுறை கையால் கிளறிவிடுங்கள். முகர்ந்து பாருங்கள். மழைக்குப் பிந்தைய தோட்டத்து மண் வாசனை வந்தால் சரி, புளித்த வாசனை வந்தால் மொத்தத்தையும் மாற்றுங்கள்.

ராவாங்_கம்பம் | ஞாயிறு, காலை 9.35

மூலையில் ஊற்றுவதை எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

கெப்போங்_தச்சன் | ஞாயிறு, மதியம் 2.50

கண்ணாடியைச் சுரண்டுவது பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். ஆமைக்குக் கண்ணாடி புரியாது. அந்தப் பக்கம் தெரிகிறது, போக முடியவில்லை, அதனால் நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு நான்கு பக்கமும் கீழே ஒரு சாண் உயரத்துக்குப் பழுப்புத் தாள் ஒட்டுங்கள், பாதி குறையும். ஆனால் இரண்டடித் தொட்டி அதற்குப் போதவே போதாது.

நான் தொழிலுக்கு அலமாரி செய்பவன். ஆமைப் பெட்டியும் நான்கைந்து செய்து கொடுத்திருக்கிறேன். பிளைவுட் பலகையில் நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே அடியிலிருந்து ஓர் அடி உயரம்வரை குளத்துக்குப் போடும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை ஒரே துண்டாக மடித்து ஒட்டுங்கள். மூலையை வெட்டி ஒட்டினால் அங்கேதான் தண்ணீர் இறங்கிப் பலகை ஊறிப்போகும். மடிப்பு கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. பெட்டியை நேராகத் தரையில் வைக்காமல் நான்கு கட்டை வைத்துத் தூக்குங்கள். அடியில் காற்றுப் போனால் கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

நாலுக்கு இரண்டடிப் பெட்டியில் 10 சென்டிமீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 70 லிட்டர் படுக்கை. 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று ஊறினால் சுமாராக அந்த அளவு வரும். சுங்கை பூலோ நர்சரிகளில் கேளுங்கள், சின்னச் செங்கல் மாதிரி இருப்பதைப் பத்துப் பன்னிரண்டு வாங்குவதைவிட அது மலிவு. மேலே ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டைத் துண்டு ஒரு கை தூவினால் மேல்தளம் காய்ந்தே நிற்கும். குட்டியின் வாயில் நுழையாத பெரிய துண்டாகப் பாருங்கள்.

தச்சன் என்பதால் எல்லாரும் என்னிடம் கேட்பது மரச்சீவல். பட்டறையில் சும்மா கிடக்கிறதே, கொடுங்கள் என்பார்கள். நான் கொடுப்பதில்லை. பைன், தேவதாரு போன்ற மரங்களின் எண்ணெய் வாசனை ஆமையின் மூச்சுக்கு ஆகாது. போதாததற்கு அது எந்தப் பலகையிலிருந்து வந்தது, என்ன பசை கலந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. தனி மணலும் வேண்டாம், இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். செய்தித்தாள் இன்னும் மோசம், கால் வழுக்கும், தோண்டவும் முடியாது.

வெப்ப விளக்கு வைப்பதாக இருந்தால் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள். கிளிப் மாட்டி வைத்தால் ஒரு நாள் நழுவிப் படுக்கைமேல் விழும். காய்ந்த புல் போட்ட பெட்டியில் விழுந்தால் வீடே எரியும்.

புது_உறுப்பினர்88 | ஞாயிறு, இரவு 8.12

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். சுல்காட்டா பெரிதாக வளரும் என்கிறார்கள். மாமா அடுத்த மாதம் சென்னை போகிறார். நட்சத்திர ஆமை சின்னதாம், கொண்டோவுக்குப் பொருந்துமாம். ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா?

தீவுத்தோட்டம் | ஞாயிறு, இரவு 8.20

வேண்டாம் தம்பி, பேச்சுக்குக்கூட வேண்டாம். நட்சத்திர ஆமையை 2019-ல் சைட்டிஸ் என்ற வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், அதுதான் மிகக் கடுமையான பட்டியல். இந்தியச் சட்டமும் விடாது, இங்கே வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் விடாது. மாமா மாட்டிக்கொள்வார். அதைவிட, பெட்டியில் வரும் ஆமைகள் காலைக் கட்டிப் பசைநாடா ஒட்டித்தான் வருகின்றன. எந்த ஆமை வாங்கினாலும் முதலில் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேளுங்கள். தாள் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

பாயான்_மல்லிகை | திங்கள், காலை 6.45

நானும் பினாங்குதான், பாயான் லெப்பாஸ் அடுக்குமாடி. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது வெயில். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் யூவிபி கதிர் கிடையாது, கண்ணாடி அதை நிறுத்திவிடும். அது இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். அதனால் காலை வெயில் நேராகப் படவேண்டும். இதைப் படித்துவிட்டுத்தான் 2018-ல் என் குட்டியைத் தொட்டியோடு பால்கனியில் வைத்தேன். காலை ஒன்பது மணி. அம்மா கைபேசியில் கூப்பிட்டார், பேசிவிட்டு வந்தேன், அரைமணி நேரம்கூட இருக்காது. கண்ணாடித் தொட்டி அடுப்பு மாதிரி ஆகியிருந்தது. தலையும் கால்களும் வெளியே தொங்கிக் கிடந்தன. வாயைச் சுற்றி நுரை. தண்ணீரில் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அந்தத் தொட்டியை அப்புறம் நான் எதற்கும் பயன்படுத்தவில்லை. கண்ணாடியோடு வெயிலில் வைக்காதீர்கள், ஐந்து நிமிடத்துக்கும் வைக்காதீர்கள். திறந்த அகலமான தொட்டி, அதில் பாதி நிழல், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

இரண்டாவது கொசு. ஆமைக்கு வைக்கும் தண்ணீர்த் தட்டில் ஏடிஸ் முட்டை போடும். சுகாதாரத் துறை சோதனைக்கு வந்து புழுவைக் கண்டால் அபராதம். தினமும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள், ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் மட்டும் போதாது, முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். டிங்கிக்குப் புகையடிக்க வரும் அறிவிப்பு ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஆமையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளியே இருந்த பெட்டியில் புகை இறங்கியிருந்தால் மேல்படுக்கையை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது போடுங்கள். ஆமையின் மூக்கு எந்நேரமும் அந்தப் படுக்கையை ஒட்டியேதான் இருக்கிறது.

செத்தாபாக்_அப்பா | புதன், இரவு 11.05

எல்லாருக்கும் நன்றி. மல்லிகை அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்க் குட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

தச்சன் அண்ணன் சொன்ன அளவில் மைத்துனரும் நானும் பெட்டி செய்துவிட்டோம். கூடத்தில், வேலைப்பாட்டு அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். பிழிந்து பார்த்துப் பார்த்து நேற்று இரவு ஒரு மணிவரை நார்த்தூளோடு போராட்டம். குட்டியை இறக்கிவிட்டதும் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு முன்காலால் இப்படியும் அப்படியும் தள்ளி, தலையை உள்ளே செருகி, பின்பாதி மட்டும் தெரிகிற அளவுக்குப் புதைந்துவிட்டது. மகள் பயந்துபோய் மூச்சு முட்டுமே என்று தோண்டப் போனாள், நான் பிடித்துக்கொண்டேன். சரிதானே?

தீவுத்தோட்டம் | புதன், இரவு 11.20

ரொம்ப சரி. ஏழு மாதமாக அது தேடியது அதைத்தான். ஒரு மண்சட்டியைப் பாதியாக உடைத்து, விளிம்பைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள், அதற்குள் போய்ப் படுக்கும். ஈரப்பதம் காட்டும் மீட்டரைச் சுவரில் மாட்டாதீர்கள், ஆமையின் முதுகு உயரத்தில் வையுங்கள். அங்கே 80 காட்டினால் நிம்மதியாகத் தூங்குங்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை நனையாத உயரத்தில், கால்மணி நேரம் உட்காரவைத்து எடுங்கள். பெரும்பாலும் அதிலேயே கழிவும் போய்விடும், படுக்கையும் சுத்தமாக இருக்கும்.

தண்ணீர் என்றதும் ஒன்று. இங்கே கெக் லோக் சி கோயிலில் ஆமைக் குளம் இருக்கிறது, கங்குங் கீரை வாங்கிப் போடுவோம், எல்லாருக்கும் தெரியும். அங்கே இருப்பவை நீரில் வாழ்பவை. வளர்க்க முடியவில்லை என்று நிலத்தாமையைக் கொண்டுபோய் எந்தக் குளத்திலும் விட்டுவிடாதீர்கள். அதற்கு நீந்தத் தெரியாது, புண்ணியம் என்று நினைத்து விட்டால் மூழ்கிச் சாகும்.

செத்தாபாக்_அப்பா | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.30

ஒரு சந்தேகம். படுக்கையைக் கிளறும்போது வெள்ளையாகப் பொடிப்பொடியாக ஏதோ துள்ளுகிறது. ஒரு மூலையில் குடை மாதிரி காளானும் முளைத்திருக்கிறது. கொட்டிவிடவா?

தீவுத்தோட்டம் | வெள்ளி, இரவு 9.48

துள்ளுவது பூஞ்சணம் தின்னும் குட்டிப்பூச்சி, அது இருப்பது நல்லது. அதுவே உங்கள் துப்புரவுக்காரர். காளானை மட்டும் வேரோடு பிடுங்கி எறியுங்கள், குட்டி தின்றுவிடக் கூடாது. அந்த மூலைக்கு நான்கு நாள் தண்ணீர் வேண்டாம்.

ராவாங்_கம்பம் | சனி, காலை 7.40

தம்பி, பெட்டி நன்றாக அமைந்ததில் சந்தோஷம். ஆனால் இதைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அந்தப் பெட்டி ஒன்றரை, இரண்டு வருடம் தாங்கும். வளர்ந்த ஆண் சுல்காட்டா 40, 50 கிலோ. என்னுடையதை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்குகிறோம். 14-வது மாடியில் அது நடக்காது. வீட்டில் பெரியவர்களிடம் இப்போதே பேசி, கம்பத்தில், அதாவது கிராமத்தில், நிலம் உள்ள உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். மகளைவிட அதற்கு ஆயுள் அதிகம் இருந்தாலும் இருக்கும்.

வெளியில் வைக்கும்போது பெரும் பகை லோங்காங், அதாவது வடிகால், நிரம்பி வரும் மழைநீர். என் வீட்டில் ஆமைக் கொட்டகையின் தரையைச் செம்மண் கொட்டி ஓர் அடி உயர்த்தி, முன்பக்கம் சரிவு விட்டிருக்கிறேன். சரிவில் சிமென்ட் போட்டுச் சொரசொரப்பாகக் கீறிவிட்டேன், இல்லாவிட்டால் மழையில் வழுக்கிக் கவிழ்ந்துவிடும். உள்ளே மட்டும் மண்ணும் காய்ந்த புல்லும். சுற்றுச்சுவர் கம்பிவலையாக இருக்கக் கூடாது, அந்தப் பக்கம் தெரிந்தால் முட்டும், கெப்போங் நண்பர் சொன்ன அதே காரணம். பலகை அல்லது செங்கல். மண்ணுக்குள்ளும் ஓர் அடி இறக்குங்கள், தோண்டிக்கொண்டு வெளியே போய்விடும். குட்டியாக இருக்கும்போது மேலேயும் வலை வேண்டும். எங்கள் பக்கம் உடும்பு பட்டப்பகலில் வேலி ஏறும், காக்கையும் விடாது. எலி இரவில் வந்து தூங்கும் ஆமையின் காலைக் கடிக்கும், அதனால் வலைக்கண் அரை அங்குலத்துக்குமேல் வேண்டாம்.

பாயான்_மல்லிகை | சனி, காலை 9.15

அண்ணே, காய்ந்த புல்லை மழைக்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? இங்கே மூன்றே நாளில் பூஞ்சணம் பிடிக்கிறது.

ராவாங்_கம்பம் | சனி, காலை 9.50

மழைக்காலத்தில் நான் புல் போடுவதில்லை. பின்வீட்டில் கெத்தாப்பாங், அதாவது நாட்டு வாதுமை மரம் இருக்கிறது, அந்த இலையைப் பொறுக்கிக் காயவைத்துப் போடுகிறேன். பெரிய இலை, கட்டியாகப் படியாது, இடையில் காற்றுப் போகும். ஆமை உள்ளே நுழையும்போது சரசரவென்று சத்தம் கேட்கும், அதிலிருந்தே உயிரோடு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

தீவுத்தோட்டம் | சனி, காலை 10.05

என் செங்கால்களுக்கும் அதேதான். அவை தென்னமெரிக்கக் காட்டு ஆமைகள், இலைச் சருகு ஆழமாக இருந்தால் நாள் முழுக்க அதற்குள் கிடக்கும். சாலையோர மரத்து இலை வேண்டாம், கொசுப் புகை படிந்திருக்கும்.

செத்தாபாக்_அப்பா | நான்கு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 5.20

படம் இணைத்திருக்கிறேன். பழைய மேடு அப்படியே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் வெளிர் நிறத்தில் புதிதாக ஒரு கோடு வந்திருக்கிறது பாருங்கள், அது சமமாக இருக்கிறது. மகள் தினமும் விரலால் தடவிப் பார்த்து, ‘இங்கேயிருந்து வழுவழுப்பா இருக்குப்பா’ என்கிறாள். 9 சென்டிமீட்டர் இப்போது 12. கண்ணாடி இல்லாததால் சுரண்டல் சத்தமும் இல்லை.

பெந்தோங்கில் மனைவியின் பெரியப்பா வீட்டில் பின்பக்கம் நிலம் இருக்கிறது, பேசிவிட்டோம். அடுத்த வருடம் சுவர் எழுப்ப ஆரம்பிக்கலாம் என்றார். பெந்தோங்கில் இரவு இங்கேயைவிடக் குளிரும் என்கிறார்கள். கொட்டகைக்குள் என்ன செய்யலாம், ராவாங் அண்ணே?

ராவாங்_கம்பம் | ஞாயிறு, மாலை 6.05

கோடு அழகாக இருக்கிறது தம்பி. மகளிடம் சொல்லுங்கள்.

குளிர் இருந்தால் கொட்டகையைப் பெரிதாகக் கட்டாதீர்கள், உள்ளே ஆமை திரும்பும் அளவு போதும், சின்ன இடம்தான் சூடு பிடிக்கும். கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தகடு ஒட்டுங்கள். வாசலுக்குத் தடித்த ரப்பர் பட்டைகளைக் கீற்றாக வெட்டித் தொங்கவிடுங்கள், தள்ளிக்கொண்டு போகப் பழகிவிடும். ஈரப் படுக்கை அங்கே வேண்டாம், அந்த வயதில் தேவையும் இல்லை. கெத்தாப்பாங் இலை இரண்டு மூட்டை காயவைத்திருக்கிறேன். சுவர் எழுப்பும் வாரத்தில் சொல்லுங்கள், லாரியில் போட்டுக் கொண்டுவருகிறேன்.